ஓஏபி பணம், விதவைப் பணம், பெற்றோர் பராமரிப்பு: திருநெல்வேலிச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் தாலுகா ஆபீஸ் வாசல்களில் தினமும் காதில் விழும் கேள்விகள் இவை. ஓஏபி என்று ஊரில் சொல்வது முதியோர் ஓய்வூதியத்தை. மனு கொடுக்கப் போகிற பெரியவருக்கும், அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகும் பேரப்பிள்ளைக்கும் உதவும்படி பதில்களை எழுதியிருக்கிறோம். தொகைகள் மாறக்கூடியவை என்பதால் எந்த ஆண்டில் வந்த தொகை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எங்க ஆச்சிக்கு எழுபது வயசாவுது. ஓஏபி எழுதிப் போட எங்க போவணும்?

முதலில் இ-சேவை மையம். முன்பு போல வெள்ளைத்தாளில் எழுதி தாலுகா ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தால், அதையும் கடைசியில் இணையத்தில் ஏற்றச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்கள். ஆச்சிக்குக் கேன் நம்பர் என்ற குடிமக்கள் கணக்கு எண் இல்லையென்றால் அங்கேயே புதிதாகப் போட்டுத் தருவார்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், புகைப்படம், வயதுக்கான ஆதாரம் ஆகியவற்றின் அசலைக் கொண்டுபோங்கள். நகலை ஸ்கேன் செய்தால் எழுத்து மங்கிப் போகும். "ஆவணம் தெளிவில்லை" என்று மனு திரும்பி வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

செல்போன் எண் கேட்கும்போது வீட்டில் ஒருவருடைய எண்ணைக் கொடுங்கள். தரகரின் எண்ணையோ, மையத்தில் இருப்பவரின் எண்ணையோ கொடுக்கவே கூடாது. மனு எந்த மேசையில் நிற்கிறது, எதனால் திரும்பியது என்ற தகவலெல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். ஒப்புகைச் சீட்டை வாங்கி, அதிலுள்ள மனு எண்ணை ரேஷன் கார்டு உறையில் ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள்.

அதன் பிறகு மனு விஏஓ என்கிற கிராம நிர்வாக அலுவலரிடம் போகும். அவர் விசாரித்து எழுதுவதை ஆர்ஐ என்கிற வருவாய் ஆய்வாளர் பார்ப்பார். முடிவெடுப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். தாலுகா ஆபீசில் இரண்டு வட்டாட்சியர்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நிலம், சான்றிதழ் எல்லாம் பார்க்கிற வட்டாட்சியரின் அறை வாசலில் காலை முழுக்கக் காத்திருந்துவிட்டு, "இது இங்க இல்லம்மா, பக்கத்து ஆபீஸ்" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். கேட்கும்போதே "ஓஏபி தாசில்தார்" என்று கேளுங்கள்.

மனு போடும் முன்னால் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். ஆதாரில் பேச்சியம்மாள், ரேஷன் கார்டில் பேச்சி, பாஸ்புக்கில் எஸ். பேச்சியம்மாள் என்று மூன்று விதமாகப் பெயர் இருந்தால், மனு ஏற்கப்பட்டாலும் பணம் வங்கியில் ஏறாமல் நிற்கும். லெட்சுமி, லட்சுமி வித்தியாசம்கூடப் போதும். ஆதாரை முதலில் திருத்தி, அதை வைத்து மற்ற இரண்டையும் திருத்துவதுதான் சுருக்கமான வழி.

விஏஓ வீட்டுக்கு வந்து பாப்பாராமே, என்னத்தைப் பாப்பாரு?

வீடு ஓட்டு வீடா, தளம் போட்ட தார்சு வீடா, யாருடைய பெயரில் தீர்வை கட்டுகிறார்கள், வீட்டில் யார் யார் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், நிலம் உண்டா, வேறு பணம் ஏதாவது வருகிறதா என்று பார்ப்பார். அந்த நேரத்தில் பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும். வயல் வேலைக்கோ, மகள் வீட்டுக்கோ போயிருந்தால் "மனுதாரர் முகவரியில் இல்லை" என்று ஒரு வரி விழும். அந்த ஒரு வரியை மாற்ற ஆறு மாதம் அலைய வேண்டியிருக்கும். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னால் போதும். மகன் மாதம் 500 ரூபாய் கொடுக்கிறார் என்றால் அப்படியே சொல்லலாம்.

எவ்வளவு வரும்? யாரு குடுக்காவ?

2023 ஆகஸ்டில் இருந்து முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் மாதம் 1200 ரூபாய் என்று மாநில அரசு உயர்த்தியது. அதற்கு முன் 1000. மாற்றுத்திறனாளிகளுக்கு அதே ஆண்டு ஜனவரியிலிருந்து 1500.

இதில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கியபோது முதியோருக்கான அந்தப் பங்கு 75 ரூபாய். 2006இல் 200 ஆனது. 60 முதல் 79 வயது வரை இன்னும் அதே 200தான். 80 வயதைத் தாண்டினால் 500. மீதியெல்லாம் மாநிலத்தின் பணம். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962 ஏப்ரல் 1 அன்றே மாதம் 20 ரூபாயுடன் தொடங்கிவிட்டது, டெல்லித் திட்டத்துக்கு 33 ஆண்டுகள் முன்பே. விலைவாசி ஏறியதைப் பார்க்கும்போது, 200 ரூபாயை இத்தனை காலம் அப்படியே வைத்திருப்பது முதியவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பணத்தோடு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி அல்லது சேலை உண்டு. ரேஷன் கடையில் மாதம் 4 கிலோ அரிசி தனியாக உண்டு. சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடுபவர் என்றால் 2 கிலோ. இந்த அரிசியைக் கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. குடும்ப அட்டைக்கான அரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புருசன் இல்லாதவங்க, புருசன் விட்டுட்டுப் போனவங்க, கல்யாணமே ஆவாதவங்க எல்லாரும் இதுல வருவாங்களா?

வருவார்கள், ஆனால் தனித்தனித் திட்டங்களில். மறுமணம் செய்யாத கைம்பெண் 60 வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; ஆதரவற்ற விதவையர் ஓய்வூதியத்துக்கு 18 வயது முடிந்திருந்தால் போதும். கணவரால் கைவிடப்பட்டவர் என்றால் 30 வயதுக்கு மேல் இருக்க வேண்டும். சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் அல்லது பிரிந்து 5 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு 50 வயது. இ-சேவை மையத்தில் அவசரத்தில் எல்லோரையும் முதியோர் திட்டத்திலேயே பதிந்துவிடுவது உண்டு. 45 வயதுக் கைம்பெண்ணின் மனு அப்படிப் பதியப்பட்டால் "வயது இல்லை" என்று தள்ளுபடியாகிவிடும். சீட்டை வாங்கியதும் எந்தத் திட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

ரெண்டு ஆம்பளப் புள்ள இருக்குன்னு சொல்லி மனுவைத் தள்ளிட்டாவ. புள்ள இருந்தா கெடைக்காதா?

மகன் இருக்கிறானா என்பது கேள்வி இல்லை. மகன் பார்த்துக்கொள்கிறானா என்பதுதான் கேள்வி. திட்டம் "ஆதரவற்றோருக்கு" என்கிறது. மகன் திருப்பூரிலோ மும்பையிலோ இருந்துகொண்டு பத்து பைசா அனுப்பாவிட்டால் அந்தத் தாய் ஆதரவற்றவர்தான். ஆனால் தாளில் அது தெரிய வேண்டும். மகனுடைய ரேஷன் கார்டிலேயே தாயின் பெயரும் இருந்தால், தாளைப் பொறுத்தவரை அவர் மகனின் உலையில் சாப்பிடுகிறவர். தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறவர் தனி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதை முதலில் வாங்கிவிட்டு ஓஏபி போடுவது நல்லது.

இன்னொரு கதவும் உண்டு, அதைத் தட்டுகிறவர்கள் குறைவு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின்படி கோட்டாட்சியரே தீர்ப்பாயம். திருநெல்வேலி மாவட்டத்தில் திருநெல்வேலி, சேரன்மகாதேவி; தென்காசி மாவட்டத்தில் தென்காசி, சங்கரன்கோவில் ஆகிய கோட்ட அலுவலகங்களில் மனு கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம், சட்டமே வக்கீல் ஆஜராவதைத் தடுக்கிறது. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிடலாம். நோட்டீஸ் எதிர்த்தரப்பின் கையில் சேர்ந்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் 30 நாள் கூடுதல். உத்தரவு திருப்தியில்லை என்றால் 60 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு. பிள்ளை இல்லாத முதியவர், தன் சொத்து யாருக்குப் போய்ச் சேருமோ அந்த உறவினரிடமும் கேட்கலாம்.

"புள்ள மேல கேஸ் போடுததா?" என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் பல குடும்பங்களில் நோட்டீஸ் வந்து, கோட்டாட்சியர் முன்னால் இரு தரப்பும் உட்கார்ந்ததுமே பேச்சுவார்த்தையில் முடிந்துவிடுகிறது. சட்டமும் முதலில் சமரசத்துக்குத்தான் வழி வைத்திருக்கிறது.

வீட்டை மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் குடுத்தாச்சு. இப்ப வெளிய போன்னு சொல்லுதான். பத்திரத்தை ரத்து பண்ண முடியுமா?

அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு இதற்காகவே வந்தது. பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுத்து, அவன் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். சிக்கல் "நிபந்தனை" என்ற சொல்லில்தான். அது இருந்ததாகக் காட்ட முடியவில்லை என்றால் இந்தப் பிரிவு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பில், சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்து முதியவருக்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது.

இனி எழுதப் போகிறவர்கள் பத்திர எழுத்தரிடம் கண்டிப்பாகச் சொல்லி, "என் ஆயுள்காலம் வரை உணவு, உறைவிடம், மருத்துவச் செலவு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்" என்ற வாசகத்தை எழுத வையுங்கள். ஆயுள்காலம் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் தனியாக எழுதுங்கள். பழைய மாதிரிப் பத்திரத்தைப் பார்த்து "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று மட்டும் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். கையெழுத்துப் போடும் முன்னால் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வயசான காலத்துப் பணத்துக்கு எதுக்கு நிலக் கணக்கு பாக்குற ஆளு வந்து விசாரிக்கணும்?

நியாயமான கேள்வி. இந்த அலுவலகம் முதியோருக்காகக் கட்டப்பட்டது அல்ல. 1790 செப்டம்பர் 1 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி திருநெல்வேலியை ஒரு மாவட்டமாக்கியது. 1801இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. கலெக்டர் என்ற சொல்லுக்கே வரி வசூலிப்பவர் என்றுதான் பொருள். 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ வலியுறுத்திய ரயத்துவாரி முறையில், ஒவ்வொரு பட்டாதாரரிடமும் அரசு நேரடியாகத் தீர்வை வாங்கியது. யாரிடம் எவ்வளவு நிலம், என்ன விளைந்தது என்று ஊர் ஊராக எழுதி வைக்க முன்சீபும் கணக்குப்பிள்ளையும் தேவைப்பட்டார்கள்.

1876 முதல் 1878 வரை தாது வருசப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. அதற்குப் பிறகு வந்த பஞ்ச விதிகளில், உழைக்க முடியாத ஆதரவற்றோரைக் கண்டெடுத்துப் பட்டியல் எழுதும் வேலை அதே கிராம அலுவலர்களிடம் கொடுக்கப்பட்டது. உழைக்க முடிகிறவர் கல் உடைத்தால்தான் கூலி. முடியாதவர் என்று அதிகாரி எழுதினால்தான் இலவச உதவி. இன்றைய விசாரணைப் படிவத்தில் "ஆதரவற்றவரா", "உழைக்க இயலாதவரா" என்று கேட்பதைப் பார்த்தால் அந்தப் பழைய சந்தேகத்தின் வாடை இன்னும் அடிக்கிறது.

பரம்பரையாக வந்த முன்சீப், கணக்குப்பிள்ளைப் பதவிகளை 1980 நவம்பரில் தமிழக அரசு ஒழித்தது. அதன் பிறகே தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். எந்தச் சாதிக்காரரும் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று ஆனது பெரிய மாற்றம். ஆனால் பதிவேடுகள் அப்படியே தொடர்ந்தன: ஊரின் நிலங்களையெல்லாம் பட்டியலிடும் அ பதிவேடு, யார் பெயரில் எவ்வளவு நிலம் என்று சொல்லும் சிட்டா, விளைச்சலை எழுதும் அடங்கல், ஜூலை 1இல் தொடங்கும் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு. நாடு 1947இல் விடுதலை பெற்றது, 1950இல் வந்த அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு முதுமையில் அரசு உதவி பெறும் உரிமையைப் பேசியது. கூடவே "அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு" என்ற வாசகமும் இருக்கிறது. 37ஆவது பிரிவு, இதை வைத்து நீதிமன்றம் போக முடியாது என்கிறது. அந்த உதவியைக் கொண்டுபோய்ச் சேர்க்க அரசிடம் ஊர்தோறும் இருந்தது வரி வசூலிக்கப் பழகிய இந்த ஏற்பாடு ஒன்றுதான்.

இதைத் தெரிந்துகொண்டால் அலுவலகத்தில் பேசுவது சுலபம். எதிரில் இருப்பவர் தாளில் உள்ளதை மட்டும் பார்க்கும்படி பழக்கப்பட்டவர். உங்கள் கஷ்டத்தைத் தாளாக மாற்றிக் கொடுத்தால்தான் அது அவர் கண்ணில் படும்.

பூட்டன் காலத்துக் கூட்டுப் பட்டாவுல பேரு இருக்கு. நிலம் கையில இல்ல. என்ன செய்ய?

அசையாச் சொத்தின் மதிப்பு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பத்துப் பங்காளிகள் உள்ள கூட்டுப் பட்டாவில் ஒருவர் பெயர் இருந்தால், முழு நிலமும் அவருடையது போல அறிக்கையில் வந்துவிடக்கூடும். விசாரணைக்கு முன்னால் சிட்டாவை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டா எண் அல்லது புல எண்ணைக் கொடுத்தால் வரும். நிலத்தை முன்பே விற்றோ, பாகம் பிரித்தோ இருந்தால் அந்தப் பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் மனுவோடு வையுங்கள். பட்டா மாறுதலுக்கும் தனியாக விண்ணப்பம் போடுங்கள்.

எத்தனை சென்ட் என்பதைவிட எங்கே என்பது முக்கியம். திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணல் காட்டில் ஒரு ஏக்கர் இருப்பதும், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் 20 சென்ட் நஞ்சை இருப்பதும் ஒன்றல்ல. வழிகாட்டி மதிப்பைப் பார்த்து, உங்கள் பங்கின் மதிப்பு என்ன என்று மனுவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஆதார்ல வயசைக் கொறச்சுப் போட்டுட்டான். நெசத்துல அறுபத்தி மூணு, ஆதார்ல அம்பத்தி ஆறு.

மிகப் பரவலான சிக்கல். ஆதார் எடுத்தபோது கண் மதிப்பில் ஒரு ஆண்டைப் போட்டு, ஜனவரி 1 என்று பதிந்துவிட்டார்கள். பிறந்த தேதியை ஆதாரில் சாதாரணமாக ஒரு தடவைதான் திருத்த முடியும். அதனால் கையில் கிடைத்த ஏதோ ஒரு தாளை வைத்து அவசரப்பட்டு மாற்றாதீர்கள். படித்த பள்ளி இருந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கும் பதிவு இருக்கும். பாளையங்கோட்டை, நாசரேத், டோனாவூர்ப் பக்கத்துப் பழைய மிஷன் பள்ளிகளில் பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். கிறித்தவர்களுக்குக் கோவில் ஞானஸ்நானப் பதிவேடு நல்ல துணை. மூத்த பிள்ளைக்கு வயது 45 என்று பிறப்புச் சான்று சொன்னால், தாய்க்கு 56 இருக்க முடியாது என்பதையும் மனுவில் எடுத்துக்காட்டலாம்.

அவுக செத்து இருவது வருசமாச்சு. இறப்புச் சான்று வாங்கவே இல்ல. விதவைப் பணத்துக்கு அதைத்தான் கேக்காவ.

இறப்பை 21 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். முதலில் இறந்த ஊரின் பதிவாளரிடம் தேடச் சொல்லுங்கள். பல சமயம் தலையாரி சொல்லி எழுதியது அங்கே இருக்கும், குடும்பத்துக்குத் தெரியாது. இல்லை என்றால் "பதிவு இல்லை" என்ற சான்றை எழுத்தில் வாங்கி, அதோடு கோட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். விஏஓ விசாரணை அறிக்கை, ஊரார் இருவரின் வாக்குமூலம், ரேஷன் கார்டில் பெயர் நீக்கிய பதிவு, மருத்துவமனைச் சீட்டு, கல்லறைத் தோட்டப் பதிவு, பள்ளிவாசல் கபர்ஸ்தான் பதிவு என்று எது இருந்தாலும் சேர்க்கலாம். இறந்த தேதி சரியாக நினைவில்லை என்றால் தமிழ் மாதத்தையும் கோவில் கொடை நடந்த சமயத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்து ஒரே தேதியை எல்லாத் தாளிலும் எழுதுங்கள். மனுவில் ஒரு தேதி, வாக்குமூலத்தில் இன்னொரு தேதி என்று இருந்தால் அங்கேயே முடிந்தது.

முப்பது வருசம் பீடி சுத்துனேன். பிஎஃப் பென்சன் வருது. ஓஏபியும் வாங்கலாமா?

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. வேறு ஓய்வூதியம் பெறுகிறவரை ஆதரவற்றவர் என்று ஏற்பதில்லை. ஆதார் எண்ணை ஒப்பிடும்போது தெரிந்துவிடும். மறைத்து வாங்கினால் பின்னால் நிறுத்திவிடுவார்கள், வாங்கியதையும் திருப்பிக் கேட்கலாம்.

பிஎஃப் ஓய்வூதியத்தில் குறைந்தபட்சம் 1000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். அதற்கு 10 ஆண்டு சேவை வேண்டும், 58 வயது ஆக வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்து அக்காமார் பலருக்கு இந்த 10 ஆண்டுதான் கணக்கில் வருவதில்லை. அம்மா பெயரில் உள்ள பாஸ் புத்தகத்தில் மகள் சுற்றிப் போட்டிருப்பார். கடை கைமாறியபோது புது நம்பர் கொடுத்திருப்பார்கள். பழைய நம்பரின் சேவை தனியாகக் கிடக்கும். பழைய பாஸ் புத்தகம், பீடி அடையாள அட்டை, கடைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பிஎஃப் அலுவலகத்தில் எண்களை ஒன்றாகச் சேர்க்க மனு கொடுங்கள். அதுவரை, சேவை பத்தாது என்று சொல்லிப் பணத்தை மொத்தமாக எடுக்கும் படிவத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். எடுத்துவிட்டால் ஓய்வூதியத்துக்கான சேவை போய்விடும். வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று உச்ச நீதிமன்றம் 1980களிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. "நீங்க வீட்டு வேலைதானே பாத்தீங்க" என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

சேவை உண்மையிலேயே குறைவு, ஓய்வூதியம் கிடையாது என்றால், ஓஏபிக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

எங்க அத்தைக்கு ஓஏபி வருது. அதே வீட்டுல எனக்கு மகளிர் உரிமைத் தொகை கெடைக்குமா?

கிடைக்கும், மற்றத் தகுதிகள் இருந்தால். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இந்தத் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். வயது 21 முடிந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள். ஓஏபி வாங்குகிற அத்தையே இதையும் வாங்க முடியாது. ஆனால் அவர் வாங்குவதால் மருமகளின் மனு விழுந்துவிடாது.

மனு போட்டு எட்டு மாசமாச்சு. ஒரு பதிலும் இல்ல.

மெதுவாக மேலே ஏறுங்கள். முதலில் மனு எண்ணை வைத்து எந்த மேசையில் நிற்கிறது என்று இ-சேவை மையத்தில் பாருங்கள். விஏஓவிடம் நிற்கிறது என்றால் கலெக்டரிடம் போய்ப் பயனில்லை. அவரை நேரில் பாருங்கள். "தகுதி உண்டு, இடம் வந்ததும் தருவோம்" என்று சொன்னால், மத்திய அரசுப் பங்குக்குப் பயனாளி எண்ணிக்கையில் உச்சவரம்பு உண்டு என்பதுதான் காரணம். அப்போதும் ஏற்கப்பட்டோர் வரிசையில் உங்கள் எண் என்ன என்று கேளுங்கள்.

அடுத்தது திங்கள்கிழமை மனு நாள். திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு வர வேண்டும். கடையம், ஆலங்குளம், சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்கள் இங்கே வந்து காலை முழுதும் வரிசையில் நின்று திரும்புவது இன்றும் நடக்கிறது. 2019 நவம்பர் 22 முதல் அவர்களுக்குத் தென்காசிதான். வாசலில் பை, பாட்டில் எல்லாம் சோதிப்பார்கள். 2017 அக்டோபர் 23 அன்று கந்துவட்டிக் கொடுமையில் ஒரு குடும்பமே, இரண்டு சின்னக் குழந்தைகளோடு, இந்த வளாகத்தில் தீயில் கருகியது. அந்தச் சோதனை அவர்கள் நினைவாக நிற்கிறது. மனு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: பெயர், ஊர், தாலுகா, இ-சேவை மனு எண், தேதி, எதைக் கேட்கிறீர்கள் என்ற ஒரே வரி. நாலு பக்கம் எழுதினால் படிக்கிறவர் கண் அந்த எண்ணைத் தேடிக் களைத்துவிடும். பதிவு எண் போட்ட சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள்.

மே, ஜூன் மாதங்களில் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும். பசலி ஆண்டுக் கணக்கை முடிக்கும் அந்தக் காலத் தணிக்கைதான் இது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. உங்கள் குறுவட்டத்துக்கு எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு அன்று போங்கள். அன்று உங்கள் விஏஓவும் ஆர்ஐயும் பதிவேடுகளோடு மேலதிகாரி முன்னால் இருப்பார்கள். மற்ற நாட்களில் மூன்று இடத்தில் அலைந்து கேட்க வேண்டியதை அன்று ஒரே மேசையில் கேட்டுவிடலாம்.

அப்படியும் நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் இன்னும் இருக்கிறது; ஆனால் 2005ஆம் ஆண்டின் இந்தச் சட்டம் அதற்கு மேலானது என்று 22ஆவது பிரிவு சொல்கிறது. தாலுகா ஆபீசின் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு, 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் "காரணம் கேட்பது தகவல் ஆகாது" என்று பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: இன்ன எண்ணுள்ள மனு மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்பின் நகல், விஏஓ, ஆர்ஐ அறிக்கைகளின் நகல், அந்த மனு ஒவ்வொரு அலுவலரிடமும் வந்த தேதி, போன தேதி, எனக்குப் பிந்தைய தேதியில் விண்ணப்பித்து அனுமதி பெற்றோரின் எண்ணிக்கை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பல மனுக்கள் இந்த ஒரு தபாலிலேயே அசைந்துவிடும், ஏனென்றால் யாரிடம் எத்தனை நாள் கிடந்தது என்பதை அவர்களே எழுதித் தர வேண்டியிருக்கும்.

வந்துக்கிட்டிருந்த பணம் நின்னுபோச்சு.

பெரும்பாலும் காரணம் வங்கியில்தான் இருக்கும். ஆதாருடன் கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ, பணம் அதில் ஏறும். மகன் எங்கோ புதுக் கணக்கு திறக்க ஆதார் கொடுத்திருந்தால், பணம் ஆறு மாதமாக அங்கே சேர்ந்துகொண்டிருக்கலாம். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கலாம். வங்கியில் எல்லாம் சரி என்றால் தனி வட்டாட்சியர் அலுவலகம்: நேரில் பார்க்க வந்தபோது ஊரில் இல்லை, இறந்துவிட்டதாகத் தவறாகப் பதிவு, வேறு ஓய்வூதியம் இருக்கிறது என்ற சந்தேகம், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். உயிரோடு இருப்பவரை இறந்தவராக எழுதியிருந்தால் அவரையே நேரில் கூட்டிப் போங்கள். நிறுத்திய உத்தரவின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

கைரேகை விழ மாட்டேங்குது.

பீடி இலை நறுக்கிய விரலிலும், உப்பளத்தில் உழைத்த விரலிலும் ரேகை தேய்ந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டை விரல் விழாத இடத்தில் மோதிர விரல் விழும். இல்லையென்றால் கருவிழி, முகப் பதிவு. எதுவும் நடக்கவில்லை என்றால் வங்கிக் கிளைக்கே போய்ப் பணம் எடுக்கும் படிவத்தில் கைநாட்டு வைத்து வாங்கலாம்; அதை மறுக்க முடியாது. ஊருக்கு வந்து பணம் கொடுக்கிற வங்கி முகவர் 1200 கொடுத்துவிட்டு 1200க்கான சீட்டும் கொடுக்க வேண்டும். "பெட்ரோலுக்கு" என்று 50 பிடித்தால் கிளை மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

பணம் வாங்கிட்டு இருந்தவங்க எறந்துட்டா?

ஏடிஎம் அட்டை வீட்டில் இருக்கிறது என்று தொடர்ந்து எடுக்காதீர்கள். இறந்த தேதிக்குப் பிறகு ஏறிய பணத்தைத் திருப்பி வசூலிப்பார்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்து, சான்றின் ஒரு நகலைத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலும் இன்னொன்றை வங்கியிலும் கொடுங்கள். இறந்தவரின் மனைவி உயிரோடு இருந்தால், அவருடைய விதவை ஓய்வூதிய மனுவுக்கும் இதே சான்றுதான் வேண்டும். அசலில் மூன்று பிரதிகளாவது வாங்கி வையுங்கள்.